இடப்பக்கக் கடிகாரம்

கோஸோ தீவில் எங்கள் கோயிலுக்கு
இரண்டு கோபுரம், இரண்டு கடிகாரம்.
வலப்பக்கம் நேரம் சொல்லும்.
இடப்பக்கம் பொய் சொல்லும்,
பூசை எப்போதென்று தெரியாமல்
பசாசு திண்டாடட்டும் என்று.

போன ஆகஸ்டில் பொய்க் கடிகாரம் நின்றுபோயிற்று.
நின்றது நாளுக்கு இரண்டு தரம்
உண்மை பேசிவிடுமே என்று
பங்குச் சாமியார் நர்துவுக்குத் தூக்கம் போயிற்று.

கோயில்பிள்ளை விஸ்தின், அதாவது நான்,
படகு பிடித்துப் போய்
சல்வீனாவை அழைத்து வந்தேன்.
கடிகாரம் பார்ப்பாள், பூசைக்கு வரமாட்டாள்.
திருகாணியைப் பல்லில் கடித்தபடி கேட்டாள்:
"எத்தனை நிமிஷம் பொய்யாக வைக்கட்டும்?"
ஞானோபதேசத்தில் இதற்குப் பதில் இல்லை.

சாயங்காலம் மூச்சிரைக்கப் படியேறி வந்தார் ஒருவர்.
கசங்கிய லினன் கோட்டு,
எண்ணெய் வடியும் பையில் சுடச்சுட பஸ்தீட்ஸி.
வால்தான் கால்சட்டைக்குள் சரியாக அடங்கவில்லை.

"முந்நூறு வருஷமாக வருகிறேன், அம்மா.
வரும்போதெல்லாம் கதவு பூட்டிக் கிடக்கிறது.
எது சரி என்று மட்டும் சொல்லிவிடு."

நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.
அவரும் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கி
நெற்றி சுட்டு இறக்கினார்.

சல்வீனா நிமிரவில்லை.
"உம்மை நான் நம்புவதில்லை."

"அது உன் இஷ்டம். ஆனால்
இந்தத் தீவில் என்னைவிட விசுவாசி யார்?
கடவுளை நேரில் பார்த்து, சண்டை போட்டு,
வேலை இழந்தவன் நான்."

"பார்த்தவருக்கு விசுவாசம் எதற்கு?
உமக்குத் தெரியும். அது வேறு."

பசாசு மெல்வதை நிறுத்திற்று.

"கீழே பாரும்" என்றாள்.
சதுக்கத்தில் மீன்காரி ஜுஸெப்பா
இரண்டு கடிகாரத்தையும் அண்ணாந்து பார்த்தாள்,
இரண்டையும் வைதாள்,
கொடிக்கம்பத்து நிழல் கிணற்றைத் தொட்டதைப் பார்த்துக்
கடையைச் சாத்தினாள்.

"எனக்கு நிழல் கிடையாதே" என்றார் அவர்,
பாவமாக இருந்தது.

அதனாலோ என்னவோ
இரண்டையும் சரியாக வைத்துவிட்டு,
கூலியை எண்ணி வாங்கி,
கடைசிப் படகில் போய்விட்டாள்.

ஞாயிறன்று ஊரே கலங்கிற்று.
இரண்டும் ஒத்துப்போனால்
எதைச் சந்தேகிப்பது?
நிழல் பார்க்க மறந்த ஜுஸெப்பா
வாழ்நாளில் முதல் தடவையாகத் தாமதமாக வந்தாள்.
கடைசி பெஞ்சில் லினன் கோட்டு ஒன்று
பிரசங்கம் தொடங்கிய ஐந்தாம் நிமிஷம்
எல்லாரையும்போல உறங்கிற்று.
உண்டியலைக் கொட்டியபோது
ஒரு நாணயம் விரலைச் சுட்டது.

அன்றிரவு விளக்கில்லாமல் ஏறினேன்.
இடப்பக்க முள்ளைப்
பதினேழு நிமிஷம் தள்ளி வைத்தேன்.
முன்னாலா பின்னாலா என்று
பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை.