நடுவில் மட்டும் குளிர்

சுழலும் கண்ணாடித் தட்டை உடைத்தது நான்தான்.
ஈசூன் வீட்டின் ஒன்பதாம் மாடியில்
விடிகாலை மூன்றரைக்கு
சத்தம் வராமல் பாத்திரம் கழுவப் பார்த்தபோது.
சத்தம் கேட்டு எழ வீட்டில் யாருமில்லை என்பது
உடைந்த பிறகுதான் உறைத்தது.

தவமலர் அந்நேரம் உட்லண்ட்ஸில்
சில்லுத் தொழிற்சாலையின் வெள்ளை உடைக்குள்
கண் மட்டும் தெரிய நின்றிருப்பாள்.
எனக்கு நாலே முக்காலுக்கு முதல் பேருந்து.
அவள் வீடு சேர எட்டாகும்.
அவள் ஆக்கி வைத்ததை நான் சூடாக்குவேன்,
நான் வைத்ததை அவள்.
பேச்சுவார்த்தை பெரும்பாலும்
இந்த மைக்ரோவேவ் பெட்டி வழியாக.

தட்டு போனதிலிருந்து
சோற்றின் ஓரம் நாக்கைச் சுடுகிறது,
நடுவில் ஐஸ்பெட்டியின் குளிர் அப்படியே.
மூடியில் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தாள்:
ஒரு நிமிஷம் வை. கிளறு. இன்னொரு நிமிஷம்.
கரண்டியை வெளியே எடு.
கடைசி வரி,
எவர்சில்வர் டம்ளரில் பொறி பறந்த நாளின் நினைவாக.

ஏன் நடுவில் மட்டும்?
ஞாயிறன்று அவள் தூங்கும் நேரம்
தேக்காவில் வாங்கிய அப்பளங்களைப்
பெட்டிக்குள் நெருக்கிப் பரப்பினேன்.
நாற்பது வினாடி.
இங்கே பொரிந்து வெளுத்த ஒரு திட்டு,
பக்கத்தில் ஒன்றுமே நடக்காத உளுந்து மாவு,
மறுபடி ஒரு திட்டு.
திட்டுக்கும் திட்டுக்கும் இடையே
தையல் நாடா சொன்னது
ஆறு சென்டிமீட்டர், ஒரு மில்லிமீட்டர்.
இரண்டால் பெருக்கினேன்.
பெட்டியின் முதுகில் அச்சடித்திருந்த அதிர்வெண்,
இருநூற்று நாற்பத்தைந்து கோடி,
அதாலும் பெருக்கினேன்.
வினாடிக்கு இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரத்துச்
சொச்சம் கிலோமீட்டர்.
ஒளியின் வேகம்.
அப்பளத்தில்.
(என் பேருந்துக்கு மணிக்கு அறுபது.)

போகிற அலை சுவரில் முட்டித் திரும்பி
பின்னால் வரும் அலையைச் சந்திக்கிறது.
இரண்டும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.
வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் நகர்வதில்லை:
சில இடம் எப்போதும் துள்ளுகிறது,
சில இடம் எப்போதும் சும்மா.
சும்மா கிடப்பதைத் துள்ளலுக்குள் கொண்டுபோய்க் காட்டத்தான்
அந்தத் தட்டு அவ்வளவு நாளாய்ச் சுற்றியிருக்கிறது.

சிலேத்தார் பக்கம் ஏழரை மணிக்கு
எதிர்த்தடத்தில் அவள் ஏறும் எண் வரும்.
ஓட்டுநருக்குக் கை தூக்குவேன், அது எங்கள் வழக்கம்.
ஜன்னல்கள் கறுப்பு.
அவள் உள்ளே இருக்கலாம்.

சோற்றைவிட அது தேடுவது சோற்றிலுள்ள தண்ணீரை.
ஒரு பக்கம் கூட்டல், ஒரு பக்கம் கழித்தல்,
கோணலாய்ப் பிறந்த துகள்.
அலை இப்படி என்றால் இப்படி, அப்படி என்றால் அப்படி
முகம் திருப்பித் திருப்பி
மாலை ஆறு மணி எம்ஆர்டி போல
பக்கத்திலிருப்பதை இடித்துச் சூடாகிறது.
உறைந்த பரோட்டாவிடம் மட்டும் திணறல்.
பனிக்கட்டிக்குள் தண்ணீர் கைகோத்து நிற்கிறது,
திரும்ப இடமில்லை.

கதவின் கம்பிவலையில் குண்டூசித் தலை அளவே துளை.
மஞ்சள் வெளிச்சம் நுழைந்து வந்துவிடும்;
இந்த அலைக்கு உடம்பு பெரிது, உள்ளேயே நிற்கும்.
முழுக்க அல்ல.
கசியும் துளியில் வைஃபை திக்குகிறது,
குளுவாங்கிலிருந்து பேசும் அவள் அக்காவின் முகம்
கட்டம் கட்டமாய் உறைகிறது.
அவர்களும் இதே அலைவரிசைக்காரர்கள்தான்.
வேலைக்குக் கிளம்புமுன் கைப்பேசியில் நான் பார்க்கும்
மழை வரைபடம்கூட
பத்தாம் நம்பர் உறவு:
மேகத்தில் பட்டுத் திரும்பிய எதிரொலி.

தவமலர் தலை கலைந்து எழுந்து வந்தாள்.
நாடா, காகிதம், பெருக்கல், நான்.
முழுதும் கேட்டாள்.
பொரியாத திட்டுகளைக் காட்டி
"இதை யார் தின்கிறது?" என்றாள்.
அப்பளங்களை இரண்டங்குலம் தள்ளி வைத்து
மறுபடி நாற்பது வினாடி போட்டாள்.

மின்சாரம் போய் வந்ததிலிருந்து
பெட்டியின் கடிகாரம் பூஜ்யங்களைச் சிமிட்டுகிறது.
சரிசெய்யலாம்.
யாருடைய நேரத்துக்கு என்றுதான்.