பிடிபட்ட இடம்

லூனாஸ் கடைத்தெரு. ஷட்டர் பாதி இறங்கிய மீன்கடை.
பெருவிலிருந்து வந்த பெட்டியில்
செத்துக் கிடந்தவை ஒன்பது.
ஒன்றுக்கு மட்டும் கன்னத்தில் முள் இல்லை.

தவமலர் அதை ஸ்பிரிட்டில் போட்டாள்.
இரவு, கடன் நோட்டை ஒதுக்கிவிட்டு
முதுகுத் துடுப்பை ஊசியால் பிரித்தாள்.
எட்டுக் கதிர்.
மறுபடி எட்டு.
அதன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஏழுதான்.
"ஒரு முடிக்கா இவ்வளவு கரண்டு?" என்றான் புருஷன்.

நான்கு மாதம் கழித்து பிரேசிலிலிருந்து பதில்:
புதிதுதான். எந்த ஆறு?

பெட்டியின் மேல்
'கலவை' என்றுதான் இருந்தது.

பதிவிலாகா முகப்பில்
சிவப்பு அட்டையோடு நின்ற அப்பா
இப்படியொரு கட்டத்துக்கு முன்னால்தான்
பேனாவைத் திறந்து திறந்து மூடினார்.

தெரியாது, என்று எழுதினாள்.
கீழே,
நீளம் முப்பத்தொரு மில்லிமீட்டர்,
அழுத்தி.