அழுக்குக்கு ஏற்ற ஆட்கள்

இரண்டடித் தொட்டி.
ஐந்து வாரமாக அதில்
தண்ணீரும் மணலும் ஒரு விளக்கும்தான்.
அம்மாபேட்டையில் இரண்டாவது மாடி;
எந்தப் பக்கம் கிளம்பினாலும்
கடலுக்கு ஒரு ராத்திரிப் பஸ் ஆகும்.
மேட்டூர்த் தண்ணீரை இருமுறை வடிகட்டி
பாக்கெட்டில் வந்த கடலைக் கரைத்தேன்.
வறுகடலை இல்லை, அலையடிக்கிற கடல்.

"மீன் எங்கே?" என்கிறார் சுகவனம்.
"மீன் எங்கே?" என்கிறாள் கீழ்வீட்டு லலிதாம்பா,
மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு.
முதலில் அழுக்கு வரணும், என்கிறேன்.
இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

வந்தது.
கருப்பட்டிப் பாகு ஆறினால் படியுமே
அப்படி ஒரு பழுப்பு ஏடு
மணல்மேல், கல்மேல், கண்ணாடிமேல்.

பகலில் ஜவ்வரிசி ஆலையில்
மரவள்ளிப் பால் தெளிகிற தொட்டிகளுக்கு
அமிலம் பார்க்கிறவள் நான்.
அங்கே யாரும் வேண்டாம், நேரம் போதும்:
மாவு தானே கீழே போய்ப் படுத்துக்கொள்ளும்.
இங்கே வாய்கள் வேண்டும்.

ஐந்து ரோட்டுக் கடையில் குபேந்திரன்
மொத்தமாக ஒரு விலை சொன்னான்:
இருபது துறவி நண்டு, இருபது நத்தை,
மணல் சலிக்க ஒரு நட்சத்திரமீன்.
அப்புறம் குரலைத் தாழ்த்தி
"கடல் அட்டை வேணுமாக்கா?
பிடிச்சா ஜெயிலு. ஆனா வேலைக்காரன்."
அட்டை வேண்டாம் என்றேன்.
நட்சத்திரம்?
"ரெண்டு மாசத்துல எல்லாத்தையும் தின்னுடும்,
அப்புறம் பட்டினில கரையும்.
தூங்குதுன்னு நீங்க நெனச்சுக்குவீங்க."
விற்கிறவன் இப்படிச் சொன்னால்
நம்பாமல் என்ன செய்வது.

வீட்டை முதுகில் சுமந்து அலைகிறவனுக்குத்
துறவி என்று யார் பெயர் வைத்தது?
அதை மட்டும் அவனிடம் கேட்கவில்லை.

ஆலைச் சோதனைச் சீட்டின் பின்பக்கம்
கணக்குப் போட்டேன்.
ஒரு நத்தைக்கு எத்தனை விரற்கடைப் பழுப்பு?
அடித்து, எழுதி, அடித்து
கடைசியில் எட்டு நத்தை, மூன்று நண்டு,
மணலுக்குள் புதைந்து
மூக்கை மட்டும் வெளியே நீட்டுகிற வகையில் நாலு.
"அவ்வளவுதானாக்கா?"
அழுக்கே அவ்வளவுதான் இருக்கு, குபேந்திரா.

தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள்.
புது பஸ் ஸ்டாண்ட், விடிகாலை நாலு மணி,
ஏற்காட்டு மலை எங்கே இருக்கிறது என்றே தெரியாத இருட்டு.
தெர்மாகோல் பெட்டியைக் கொடுத்த கண்டக்டர் கேட்டார்:
"ஐஸ்கிரீமா?"
ஆட்கள், என்றேன்.

எங்கள் தண்ணீர் ஒத்துக்கொள்ள வேண்டுமே.
சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம்
புது மருமகளுக்குப் பார்ப்பதுபோல் பார்த்து
இறக்கிவிட்டேன்.

மறுநாள் கண்ணாடியில் நெளிநெளியாய்ப் பாதைகள்.
அவை போன இடமெல்லாம் தெரு விளக்குத் தெரிந்தது.
ஒன்று மல்லாந்து விழுந்து புரளத் தெரியாமல் கிடந்தது;
ராத்திரி இரண்டு மணிக்கு நைட்டிக் கையைச் சுருட்டி
தோள்வரை உள்ளே விட்டுத் திருப்பி வைத்தேன்.
விரலை நக்கிப் பார்த்தேன். உப்பு சரிதான்.

ஏழாம் நாள் நத்தை ஓடியது.
நத்தை ஓடாதே.
குனிந்து பார்த்தால் ஓட்டுக்குள் நண்டின் கால்.
உள்ளே இருந்தவள் இல்லை.
வீடு மாற்ற ஆசைப்பட்டால் இருக்கட்டும் என்று
கன்னியாகுமரியில் பொறுக்கிய ஐந்து காலிச் சங்குகள்
மூலையில் போட்டபடியே கிடந்தன.
சுகவனத்திடம் சொல்லவில்லை.
எட்டு என்று எழுதியதை ஏழு ஆக்கினேன்.

பத்தாம் நாள் தொட்டி பளிச்சென்று ஆனது.
அதுதான் இப்போது கவலை.
ஞாயிற்றுக்கிழமை பெருமையோடு துணி கொண்டுவந்து
பின்பக்கக் கண்ணாடியைத் துடைக்கப் போனவரின்
கையைப் பிடித்தேன்.
"அங்கதான் கொஞ்சம் அழுக்கு மிச்சம் இருக்கு."
"அதனாலதான் தொடைக்கிறேன்."
"அது அவங்களோடது."

இரவு பாலக்கீரை ஒரு இலையை அவித்து
கூழாங்கல்லில் கட்டி இறக்கினேன்.
கூடவே இறால் ஒரு துணுக்கு.
முதலில் ஒன்றும் இல்லை.
பிறகு மணல் அங்கங்கே வீங்கியது,
ஒரு மூக்கு, இன்னொரு மூக்கு, நாலும்.

பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர்
மீன் எங்கே என்று கேட்கவில்லை.
விளக்கை அணைக்கப் போனேன்.
"இரு," என்றார்.