பொருட்பட்டியலில் ஈல்வா

ஹாலிஃபாக்ஸில் ஒரு கம்பளக் கடை.
அதன் மாடியில், மழை ஒழுகும் மூலைக்கு வாளி வைத்துவிட்டு
லொரெய்ன் ஹெப்வர்த்
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்க நாவலொன்றை
நாற்பத்தோரு கிலோபைட்டுக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள்.
எண்பத்து நான்கு, மார்ச்.

முதலில் அடைமொழிகள் போயின.
பிறகு குதிரைகள். பிறகு பனிக்காலம் முழுக்க.
நாவலில் பதினேழு பக்கம் செத்த அரசன்
இங்கே 'மன்னன் இறந்தான்' என்று முடிந்தான்.
முற்றுப்புள்ளியை மிச்சம் பிடிக்கலாமா என்றுகூட
ஒரு கணம் யோசித்தாள்.

இயந்திரத்துக்கு இரண்டு சொல் போதும்.
எடு விளக்கு. திற கதவு. போ வடக்கு.
நம் வேற்றுமை உருபுகளுக்கு அங்கே வேலையில்லை,
ஐயும் குவ்வும் வாசலிலேயே நிற்கும்.
'தயவுசெய்து' என்று தட்டினால்
'புரியவில்லை' என்னும்.
கெட்ட வார்த்தைக்கும் அதே பதில்தான்.

நாவலை எழுதியவர் மிஸ் ட்ரெவீதன்.
கார்ன்வால் கடலோரம், நீல மைப்பேனா.
நாயகன் ஓரன், அவன் தங்கை ஈல்வா.
அவன் மூன்று ராஜ்யம் சுற்றித் திரும்பும்வரை
மில் வீட்டு ஜன்னலில் அவள் காத்திருப்பாள்,
அத்தியாயத்துக்கு ஒரு பத்தியாக.
லொரெய்ன் அவளுக்குக் கொடுத்தது
ஓர் அறை, பத்தொன்பது சொல், ஓர் எண்:
24, மில் வீடு.

வியாழக்கிழமை. கீழே யாரோ கம்பளம் உருட்டும் சத்தம்.
விரல் வழுக்கி 24 என்பது 254 ஆயிற்று.
254 என்றால் அந்த நிரலில்
'ஆடுபவர் கையில்'.

இரண்டாயிரம் கேசட் போய்விட்டது.
ஐந்து நிமிடக் கீச்சொலி,
திரையோரம் நடுங்கும் நீலமும் மஞ்சளும்,
அப்புறம் ரப்பர் விசைகளில் யாரோ
பட்டியல் கேட்டார்கள்.

உன்னிடம் இருப்பவை:
ஒரு விளக்கு
ஒரு கயிறு
ஈல்வா

'பையில் பெண்ணா?' என்று கத்தினார் முதலாளி ராய்ஸ்டன்.
கடிதங்கள் வந்தன. சிலர் சிரித்திருந்தார்கள்.
ஹல்லிலிருந்து ஒருத்தி,
அவளைக் கீழே வைத்ததும் 'சரி' என்று மட்டும் வந்ததாம்,
மனசு கேட்காமல் திரும்ப எடுத்துக்கொண்டாளாம்.

மே மாதம் நீல மையில் ஒன்று:
'என்னிடம் கணினி இல்லை. அக்கா மகன் வீட்டில் பார்த்தேன்.
அவளுக்கும் வெளியே போகும் யோசனை இருக்கும் என்று
எழுதிய எட்டு வருடத்தில் எனக்குத் தோன்றவேயில்லை.
கோபமில்லை. ஒன்றே ஒன்று தெரிய வேண்டும்.
உப்புச் சதுப்பு வரை போனாளா?'

லொரெய்ன் வரைபடத்தை விரித்துப் பார்த்தாள்,
பார்க்கத் தேவையில்லாதபோதும்.

பிறகு டன்ஃபெர்ம்லினிலிருந்து ஒரு பையன், பென்சிலில்:
'பாலம் பாரம் தாங்க மாட்டேன் என்கிறது.
வாளைப் போட்டேன். கயிறு, ரொட்டி போட்டேன்.
விளக்கையும் போட்டுவிட்டேன்.
இப்போது நானும் அவளும்தான். ஒரே இருட்டு.
அடுத்து என்ன?'

ஈல்வாவின் எடை பூஜ்யம்.
யாரும் தூக்கப்போவதில்லை என்று
அந்தக் கட்டத்தை லொரெய்ன் நிரப்பவேயில்லை.
பையனுக்கு அது தெரியாது.
அடுத்து என்று அங்கே எதுவும் இல்லை.

இரண்டாம் பதிப்புக்கு ராய்ஸ்டன் 24ஐக் கேட்டார்.
அவள் ம் என்றாள்.
நினைவகத்தில் மீதி பதினோரு பைட்.
ஒற்று நீக்கி எழுத்தெண்ணும் சலுகை
கலித்துறை பாடும் புலவர்களுக்கு;
இந்த இயந்திரம்
சொற்களுக்கு நடுவே விட்ட மூச்சையும் எண்ணும்.

வாளியைக் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.
விளக்கில்லாமல் இரண்டு பேர் நிற்கும் பாலத்துக்கு
பதினோரு எழுத்தில் ஒரு வரி.
விரல் மடக்கினாள்.
ஒன்று அதிகமாக வந்தது.
மறுபடி மடக்கினாள்.