எடைக்கு மேல் எழுபத்துமூன்றாயிரம்

படுக்கை பதினான்கு அடி.
ஓசூர் சிப்காட்டின் பின்தெருவில்
நஜீர் பாய் தார்ப்பாயை இழுத்ததும்
அடியிலிருந்து இரண்டு கோழிகள் வெளியே ஓடின.

எடைக்குப் போட்டால் மூன்றரை டன்,
கிலோ நாற்பத்திரண்டு,
ஒரு லட்சத்து நாற்பத்தேழாயிரம்.
அவர் கேட்பது இரண்டு இருபது.
நடுவில் நிற்கும் எழுபத்துமூன்றாயிரம் எதற்கு பாய் என்றேன்.
‘ஓடுதில்ல, அதுக்கு.’

ஓடத்தான் செய்தது.
ஹெட்ஸ்டாக்கில் காதை வைத்தேன்.
நாலாம் கியரில் மட்டும் ஒரு முனகல்,
பல்வலிக்காரன் முறுக்கு மெல்வதுபோல்.

டயலை ஏற்றித் தள்ளினேன்.
சக்குக்குப் பக்கத்தில் முள் பன்னிரண்டு கோடு இறங்கியது.
டெயில்ஸ்டாக் பக்கமோ
கையால் சுரண்டிய பிறைகள்கூட அழியவில்லை.
பதினான்கு அடியை வாங்கிவைத்து
ஒன்றரை அடிக்குள்ளேயே
யாரோ முப்பது வருஷம் புஷ் கடைந்திருக்கிறார்கள்.

எனக்கு வேண்டியது நீளம்.
காவேரிப்பட்டணத்து மாங்கூழ் ஆலைக்காரர்கள்
சீசன் நடுவே ஷாஃப்ட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்,
என் ஆறடி மிஷினை ஒரு பார்வை பார்ப்பார்கள்,
வண்டியை அப்படியே ஓசூருக்குத் திருப்புவார்கள்.
பழம் காத்திருக்காது.

ஆனால் நீளத்தைக் கடையும் டூலும்
அந்தப் பள்ளத்தில் இறங்கித்தானே ஏறணும்.

பாதிப் பணம் வேடியப்பனுடையது.
அவன் படுக்கையைத் திரும்பியும் பார்க்கவில்லை.
குனிந்து, கியர் மூடியைக் கழற்றி,
பக்கத்து டின்னில் கிடந்ததையும் சேர்த்து
சக்கரங்களை எண்ணிக்கொண்டிருந்தான்.
நூற்றிருபத்தேழு பல் மட்டும் காணோம்.
அது இல்லாமல் இந்த அங்குல ஸ்க்ரூவில்
மில்லிமீட்டர் மரை விழாது.
‘பல்லுக்கு எவ்வளவு கழிப்பீங்க?’ என்றான்.
பாய் சிரித்தார். டீ சொன்னார்.
வெட்டுகிறவன் செவ்வாய்க்கிழமை வருகிறான் என்றும் சொன்னார்,
கேஸ் சிலிண்டரைக் காலால் உருட்டியபடி.

சூளகிரி வரை பஸ்ஸில் பேச்சில்லை.
‘வேணாம்டா’ என்றான் வேடியப்பன்.
சரி என்றேன்.
குருபரப்பள்ளி தாண்டியதும்
‘அந்தப் பல்சக்கரம் யார் போட்டுத் தருவா?’ என்று
ஜன்னலைப் பார்த்துக் கேட்டான்.

ராத்திரி டேப்போடு பட்டறையில் நின்றேன்.
ஷட்டர் அகலம் போதும்.
சந்துதான் போதாது, பதினான்கு அடி திரும்பாது.
பின்சுவர் வழியாக என்றால் வரும்.
சாக்பீஸால் அதில் ஒரு கோடு இழுத்தேன்,
கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.