சொந்த வண்டி

எழுபத்தெட்டு வாரத் தவணையில்
அறுபத்தொன்று கட்டியாயிற்று.
ஆகவே ஹேண்டில்பார், விளக்கு, பெட்ரோல் டேங்க்,
சீட்டில் பெரும்பகுதி என்னுடையவை.
பின்சக்கரம் இன்னும் கம்பெனிக்கு.

ஜிஞ்ஜாவில், எங்கள் ஸ்டேஜில்
இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.
சிரிக்கிற எல்லோருக்கும்
ஏதாவது ஒரு சக்கரம் பாக்கி.

சீட்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி,
தீப்பெட்டி அளவுதான்.
வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள்
எழுபத்தையாயிரம் ஷில்லிங் போய்ச் சேராவிட்டால்
கம்பாலாவில் யாரோ ஒரு பொத்தானை அழுத்த
இங்கே இஞ்சின் வாயை மூடிக்கொள்ளும்.
ஒருமுறை நைல் பாலத்தின் நடுவில் மூடிக்கொண்டது.
பின்னால் ஒரு பாதிரியார், மடியில் இரண்டு கோழி.
அவரும் இறங்கித் தள்ளினார்.
கோழிகள் மட்டும் சீட்டில் வந்தன.

டென்யுவா கரும்பு லாரியிலிருந்து விழுந்தது
அறுபத்தொன்றாம் வாரம், செவ்வாய்.
இரட்டையரில் அவன் எனக்கு
இருபது நிமிடம் இளையவன்.
தொடையெலும்பு இரண்டு துண்டு.
உள்ளே கம்பி வைக்கப் பதினாறு லட்சம்,
அதுவும் பத்து நாளுக்குள்.
தாமதித்தால் எலும்பு
தன் இஷ்டத்துக்குக் கோணலாய்ச் சேரும் என்றார் டாக்டர்.
எலும்புக்கு வெள்ளிக்கிழமை தெரியாது.

நங்கோபி கணக்கைச் சோளமாவுப் பையின் மேல் எழுதினாள்.
முகோசே தருவதாகச் சொன்னது முப்பது லட்சம்.
கம்பெனிக்குப் பன்னிரண்டே முக்கால்.
கையில் பதினேழே கால்.
கம்பி போக, ஒன்றே கால்.
"ஒன்றே கால் லட்சத்தில் என்ன வாங்கலாம்?"
"சைக்கிள்," என்றாள்.
"பின்சக்கரத்தோடு."

கம்பெனி கவுண்டரில் ஒரு பெண்,
நகங்களில் மாம்பழ நிறம்.
அவள் இன்னொரு வழி சொன்னாள்:
"ஒரே ஒரு வெள்ளிதானே தவறியிருக்கிறீர்கள்,
வண்டி மேல் மறுகடன் தரலாம்.
முதல் வாரத்திலிருந்து ஆரம்பிக்கும். நூற்றுநான்கு வாரம்."
வெளியே வந்து
நூற்றுநான்கு வெள்ளிக்கிழமைகளை வரிசையில் நிறுத்திப் பார்த்தேன்.
கடைசியில் நிற்பவன் முகம் தெரியவில்லை.

ஸ்டேஜ் தலைவர் கிருண்டா சொன்னார்,
வண்டி இல்லாதவனை ஊர் ஒரு வாரம் தேடும்,
பிறகு அவன் நின்ற இடத்தில் வேறொருவன் நிற்பான்.
அது உண்மை.
போன வருடம் அப்படித்தான்
அந்த இடம் எனக்குக் கிடைத்தது.

ஞாயிறு மாலை ஆஸ்பத்திரியில்
டென்யுவா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:
"விற்காதே.
கோணல் காலோடு உன் பின்னால் உட்கார்ந்து வருகிறேன்.
வலிக்கவே இல்லை, பார்."
அவன் பொய் சொன்னால்
எனக்குக் காது சுடும், சின்ன வயதிலிருந்தே.
அன்று கழுத்துவரை சுட்டது.

திங்கள் காலை முகோசே
நேராகக் கவுண்டரில் பாக்கியைக் கட்டினான்.
பெட்டியைக் கழற்றினார்கள். நான்கு திருகு.
லாக்புக் அச்சாகி வந்தது.
உரிமையாளர் என்ற இடத்தில்
வைஸ்வா எரியா.
காகிதம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.
முகோசேயின் கடைக்குப் போய்
அதில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.
என் மீதிப் பணத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு
அவனே பின்னால் ஏறினான்.

பதினோரு நிமிடம்.
தபால் நிலையம், வெல்டிங் பட்டறை,
குப்பைமேட்டில் வக்கீல்களைப் போல நிற்கும் மராபு நாரைகள்.
பதினோரு நிமிடம்
முழு வண்டியும் என்னுடையது.
பள்ளங்களை இன்னும் அக்கறையாக விலக்கினேன்.
பாலத்துக்குத் திரும்பும் சாலை வந்தபோது
கை கொஞ்சம் யோசித்தது.
முகோசே தோளைத் தட்டினான்:
"மெதுவாகப் போ, என் வண்டி."
"இன்னும் இல்லை," என்றேன்.

கடை வாசலில் நிறுத்தினேன்.
அவன் இறங்கினான்.
பழக்கத்தில் என் வலதுகை தானாக நீண்டது:
"இரண்டாயிரம்."

அவன் சிரிக்கவில்லை.
சட்டைக்குள் கைவிட்டு
முதலில் அதைத்தான் எண்ணிக் கொடுத்தான்.