சேதப் பட்டியல்

கீரிப்பாறைக்கு மேலே எட்டாவது வளைவில்
ஜீப்பு நின்றுபோனது. மிச்சம் நடை.
பெல்லமி துரை கட்டிய பங்களாவில்
மேசை நாற்காலி கோப்பை கரண்டி
எல்லாம் எண்ணி மூன்று பிரதி எழுதவேண்டும்.
அதற்குத்தான் ஆபீசில் என்னை அனுப்பினார்கள்.

"சாத்தான் சேட்டை சாரே, எண்ணி முடியாது"
என்றார் காவல் ஞானாபரணம்.
நேற்று இருந்தது இன்று இருக்காதாம்.
சுவர்க்கடிகாரம் ஆட்டுரலுக்குள் கிடக்குமாம்.
முந்தாநாள் அலமாரி தானே திறந்து
ஆறு சாசர்
ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல்,
சுவரில் போய் மோதின.
உபதேசியார் வந்து செபம் பண்ணினார்.
அவர் குடை ஓட்டுக்கு மேலே ஏறி
விரிந்து நின்றது.

நான் நம்பவில்லை. எழுதினேன்:
சாசர், பன்னிரண்டில் மிச்சம் ஆறு.
துரையின் படம், கண்ணாடி இல்லை.
பியானோ, கட்டைகள் கறையானுக்கு.
கணப்படுப்பு ஒன்று, உள்ளே வௌவால்.
காரணம் என்றொரு கட்டம் இருந்தது.
காற்று காற்று காற்று என்று நிரப்பினேன்.

பால்வெட்ட வந்த றோஸ்லெற்றுதான் காட்டினாள்:
சமையற்கட்டுக்குப் பின்னால், மழைச்சாரல் படும் மூலையில்
நெளிந்த தகரத் தட்டு, சிரட்டை அகப்பை,
கரிபிடித்த மண்சட்டி.
"இதுகளத் தொட்டதே இல்ல பாத்துக்கிடுங்க."
பட்டியலில் அவற்றுக்கு எண் கிடையாது.

ராத்திரி மலை முழுக்க ரப்பர் இலைமேல் மழை.
துரை படுத்தபடி இழுக்கும் கயிறு
சுவர் வழியே ஓடிச் சமையற்கட்டில்
ஒரு பித்தளை மணியில் முடிகிறது.
கயிறு அறுந்து முப்பது வருஷம் என்றார்கள்.

இரண்டு மணிக்கு அது அடித்தது.

தூக்கம் தெளியாமல் எழுந்து
மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு
"வாறேன் ஏமானே" என்றேன்.

ஏமான்.
எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.
அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்; வாய் திறந்ததில்லை.
இருட்டில் நிலையைப் பிடித்தபடி நின்றேன்.
பிறகு, காதுக்கு மிக அருகில்
ஏழாவது சாசர் உடைந்தது.
ஒரு சில்லுகூட என்மேல் படவில்லை.

மணி மறுபடி அடித்தது.
நான் போகவில்லை.
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
எட்டாவதை நானே எடுத்தேன்.

காலையில் மூன்று பிரதியிலும் திருத்தினேன்:
சாசர், பன்னிரண்டில் மிச்சம் நான்கு.
காரணம்: காற்று.